ஆறிப்போன சாம்பார் சாதமும் நின்றுபோன மவுஸும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொன்னதாக இருக்கட்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நாலாவது மாடி முழுக்க ஒருநாள் ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டது. சாம்பார் சாதம், பிசிபேளே பாத், சப்பாத்தி குருமா, யாரோ ஆசையாகக் கொண்டுவந்த மீன் குழம்பு, எல்லாமே ஜில்லென்று. காரணம் நான். பேன்ட்ரியில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி, 'தொடாதீர்கள், ஆய்வு நடக்கிறது' என்று தாள் ஒட்டியவன் நான். எல்லாம் ஒரே ஒரு மவுஸுக்காக. அன்றைக்கு நான் மட்டும் குறையில்லாமல் சாப்பிட்டேன், ஏனென்றால் என் டப்பாவில் இருந்தது தயிர் சாதம்.

அந்தத் தயிர் சாதத்தை மறந்துவிடாதீர்கள். அதற்கும் இதில் பங்கு உண்டு.

நீங்கள் எல்லோரும் டெஸ்க்டாப் சப்போர்ட்டுக்குப் புதிது. மவுஸுக்கு பேட்டரி மாற்றுவது, டிரைவர் போடுவது, அணைத்துப் போடச் சொல்வது, இதெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாவிட்டால் போனில் தேடிக்கொள்வீர்கள். நாங்களும் அப்படித்தான் தேடினோம், யாரும் பார்க்காத இடத்தில் நின்றுகொண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

ஜெசிந்தா என்று ஒருவர் எங்கள் மாடியில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கல்யாணம், குழந்தைகள் என்று எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவர். கடல் தாண்டிய மருத்துவமனைகளின் காகிதங்கள் ஸ்கேன் ஆகி வரும். அதில் பெயர் எங்கே, தேதி எங்கே, மருந்து எங்கே என்று மவுஸால் இழுத்து இழுத்துக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. கீபோர்டை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது.

வேலையை உறுதிசெய்வதற்கு முன்னால் ஒரு தேர்வு வைப்பார்கள். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் அங்கே உட்கார்ந்தபடி இவருடைய திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் ஒரு மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டும். ஜெசிந்தா முதல் தடவை செய்தபோது வயர்லெஸ் மவுஸ் நடுநடுவே உறைந்து நின்றுவிட்டது. திரையில் அம்பு நின்றால், பக்கத்தில் இருக்கும் நமக்கு மவுஸ் நின்றது என்று தெரியும். எங்கோ இருந்து திரையை மட்டும் பார்க்கிறவருக்கு ஆள் யோசித்து நிற்பதாகத்தான் தெரியும். 'தயங்குகிறார்' என்று எழுதிவிட்டார்கள். மவுஸ் சரியில்லை என்று அவருடைய டீம் லீட் மஞ்சுநாத் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் சொல்கிற சாக்கு என்று அந்தப் பக்கம் சிரித்தார்களாம். புதன்கிழமை மூன்று மணிக்கு இன்னொரு தடவை. அதிலும் தயங்கினால் அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜெசிந்தா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வால் வைத்த பழைய மவுஸ் ஒன்று இருந்தால் கொடுத்துவிடுங்கள், போதும் என்றார். என் அலமாரியில் அந்த மாதிரி வயர் மவுஸ்கள் ஒன்றோடொன்று வால் பின்னிக்கொண்டு ஒரு குவியலே கிடந்தது. ஆனால் நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேளுங்கள். எனக்கு 'மவுஸ் டாக்டர்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது யார் என்றால், நானேதான். டாக்டர் என்றால் நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாமா? சாமானை மாற்றிக் கொடுத்துவிட்டால் காரணம் ஓடிப்போய்விடும் என்று அவருக்கு ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக ஒன்று சொன்னார்.

"எங்க வீட்ல யாரும் வேலைய விட்டுடுன்னு சொல்லலண்ணா. ஆனா இன்னும் ஸ்கூல் வேனுக்குப் பேசல. எப்படியும் நானே திரும்ப வந்து பசங்களைக் கூட்டிட்டுப் போவேன்னு இருக்காங்க."

அதைக் கேட்ட பிறகாவது போய் ஒரு வயர் மவுஸை எடுத்து வந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், இன்னும் தீவிரமாக ஆராய்ச்சியில் இறங்கினேன். டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொள்வது போல நான் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் ஒரு சின்ன வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பேன். நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த மவுஸ். எந்த நோயாளியோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜெசிந்தாவின் கம்ப்யூட்டருக்குப் பின்புறம், புதிதாக வந்த வேகமான யூஎஸ்பி ஹப்புக்குப் பக்கத்தில், நகம் அளவு ரிசீவர் ஒன்று செருகியிருந்தது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதெல்லாம் அதோடுதான். கை எட்டவில்லை என்பதற்காக அதைப் பிடுங்கி முன்பக்கம் செருகினேன். ஒரே ரிசீவரோடு இரண்டு மூன்று மவுஸைச் சேர்த்துவிடலாம் அல்லவா, என் பாக்கெட் மவுஸையும் அதோடு சேர்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அவருடையதை ஓட்டினேன், அதுவும் ஓடியது. பேட்டரிதான் என்று தீர்ப்பு எழுதி, புது பேட்டரி போட்டு, என் மவுஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

என் இருக்கை அவருக்குப் பின்னால், அரை உயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். போய் உட்கார்ந்து நாற்காலி சூடாகவில்லை, தடுப்புக்கு மேலே அவர் தலை எட்டிப் பார்த்தது. மறுபடி நிற்கிறது என்றார். எழுந்து போனேன். நன்றாக ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி தலை.

செவ்வாய்க்கிழமை முழுக்க இதே ஆட்டம். நான் போனால் ஓடும், வந்தால் நிற்கும். இந்த வேலையில் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு, உங்களுக்கும் சீக்கிரம் வரும். நாம் போய் நின்றதும் கெட்டது சரியாகிவிடும். கூப்பிட்டவர் அசடு வழிவார். நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். நானும் பெருமைப்பட்டேன். மவுஸுக்கே என்னைக் கண்டால் மரியாதை பார்த்தீர்களா என்று ஜெசிந்தாவிடம் வேறு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் முக்கியம்.

"இப்ப நிக்கிறது வேற மாதிரிண்ணா. முன்னாடி அம்பே அசையாது. இப்ப அம்பு போகுது, கிளிக் ஏற மாட்டேங்குது. போட்ட கட்டம் பாதியில நின்னுடுது."

நின்றால் நின்றதுதானே, அதில் என்ன வேற மாதிரி என்று நான் சொல்லிவிட்டேன். வயிற்றுவலி என்று வந்தவர் இப்போது தலை வலிக்கிறது என்கிறார், டாக்டரோ எல்லாம் வலிதானே என்கிறார். அந்த டாக்டரிடம் நீங்கள் மறுபடி போவீர்களா? அவருக்கு வேறு வழியில்லை. மாடிக்கு ஒரே டாக்டர்.

எனக்கும் நிலைகொள்ளவில்லை. உள்ளங்கால் அரித்தது போல நடந்தேன். லிஃப்ட் வரைக்கும் போவேன், திரும்புவேன், பேன்ட்ரியில் காபி பிடிப்பேன், குடிக்காமல் வைத்துவிட்டு வருவேன். நான் இப்படி நடக்கிறபோதெல்லாம் ஜெசிந்தாவின் மவுஸ் சமர்த்தாக ஓடியிருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரும்பு மேஜையைச் சந்தேகப்பட்டு அடியில் அட்டை வைத்தேன். பக்கத்துப் பெண்ணின் ஹெட்செட்டைச் சந்தேகப்பட்டு அதைக் கழற்றச் சொன்னேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் ரிசீவரைத் தூங்கவைக்கிறதோ என்று அந்த வசதியையும் அணைத்தேன். எதற்கும் மசியவில்லை.

எப்போது அதிகமாக நிற்கிறது என்று ஜெசிந்தாவைக் கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில்தான் ரொம்ப மோசம் என்றார். தேர்வுக்குப் பழக வேண்டும் என்பதற்காக அவர் அந்த நேரத்திலும் இடத்தை விட்டு எழாமல் வேலை செய்துகொண்டிருந்தார்.

எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் என்ன ஓடும்? மைக்ரோவேவ். மைக்ரோவேவும் மவுஸும் ஒரே அலைவரிசைக்காரர்கள் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. படித்தது தப்பில்லை. படித்தவன்தான் தப்பு. புதன்கிழமை மத்தியானம் பிளக்கைப் பிடுங்கினேன், தாள் ஒட்டினேன், என் இருக்கைக்கு வந்து டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தைச் சாப்பிடத் தொடங்கினேன்.

நான் நிம்மதியாக ஓரிடத்தில் உட்கார்வது என்றால் அது சாப்பிடும்போது மட்டும்தான். இந்நேரம் உங்களில் பாதிப்பேருக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. இரண்டாவது வாய் எடுக்கும்போதே தடுப்புக்கு மேலே ஜெசிந்தாவின் தலை. முகம் வெளுத்திருந்தது. அதே நேரம் ஆறிய டப்பாவும் கையுமாக வந்த ஒருவர், நிம்ம மவுஸ்னிந்த நம்ம ஊட்டா தண்ணகாய்த்து சார் என்று போகிற போக்கில் கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மவுஸால் எங்கள் சாப்பாடு ஆறிப்போச்சு என்கிறார். கோபம்கூட இல்லை அவருக்கு. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டுக் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

இரண்டரை மணிக்கு மஞ்சுநாத் வந்தார். மூன்று மணிக்கு இன்னொரு தடவை மவுஸ் கதை சொல்ல என்னால் முடியாது, அவர்கள் நம்பவும் மாட்டார்கள் என்றார். வேறு இருக்கைக்கு மாற்றலாம் என்றால் தேர்வை இந்தக் கம்ப்யூட்டரில்தான் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். ஜெசிந்தா கையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் என் டாக்டர் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு அலமாரிக்கு ஓடினேன். திங்கட்கிழமை கேட்ட வயர் மவுஸை, வால் சிக்கெடுத்து, புதன்கிழமை இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்து செருகினேன். வயர்லெஸ் மவுஸை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினேன். ரிசீவரை மட்டும் எடுக்கவில்லை. அது செருகின இடத்திலேயே இருந்தது. அதை யார் கவனிக்கிறார்கள்.

மூன்று மணிக்குத் தேர்வு தொடங்கியது. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் காகிதத்திலேயே நின்றது.

வயர் மவுஸும் நிற்கிறது என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். அணைத்துப் போட்டால் தேர்வு அதோடு சரி. அணைக்காவிட்டால் 'தயங்குகிறார்'. கை தானாகவே பவர் பட்டனைப் பார்த்துப் போனது. நமக்கெல்லாம் இது ஒரு வியாதி, பயம் வந்தால் பவர் பட்டன். மஞ்சுநாத் எதிரில் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடும் சரியாக அசையாமல், சொன்னார்.

"எந்திரிங்கண்ணா."

கோபத்தில் விரட்டுகிறார் என்று நினைத்து எழுந்தேன். கிளிக் ஏறியது. கட்டம் விழுந்தது. அடுத்த கட்டமும் விழுந்தது. அப்பாடா, தானாகச் சரியாகிவிட்டது என்று நான் மறுபடி உட்கார்ந்தேன். என்னைப் போல ஒரு ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டான். உட்கார்ந்ததும் நின்றது.

"நில்லுங்கண்ணா. முடியற வரைக்கும் நில்லுங்க."

நின்றேன். ஏன் என்று தெரியாது. அவருக்கும் தெரியாது; பின்னால் கேட்டபோது அவரே சொன்னார். நான் நாற்காலியில் சாய்ந்தால் நிற்கிறது, எழுந்தால் ஓடுகிறது, அவர் கண்ட உண்மை அவ்வளவுதான். மவுஸுக்கும் என் உட்காருமிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் ஒரு நொடிகூடச் செலவழிக்கவில்லை. எனக்கோ உள்ளே ஆயிரம் சம்பந்தம் ஓடியது. தரைக்குக் கீழே வயர் போகிறதா, நாற்காலிச் சக்கரம் எதையாவது நசுக்குகிறதா, குனிந்து பார்க்கலாமா, மெதுவாக முழங்காலை மடக்கிப் பார்க்கலாமா? ஒன்றும் செய்யாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் தெரியாமல் ஒரு மணி நேரம் சும்மா நிற்பது இருக்கிறதே, என் சர்வீஸில் அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போல நின்றேன். கால் கடுத்தது. மஞ்சுநாத் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். போனால் என்ன ஆகுமோ என்று போகவும் இல்லை. போகிற வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால்?

கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. ஒரு இடத்தில்கூட ஜெசிந்தா தயங்கவில்லை. உண்மையில் அவர் அவ்வளவு வேகம் என்பதை அன்றுதான் நாங்களே பார்த்தோம்.

முடிந்தது. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். மஞ்சுநாத் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். எனக்கு வேர்த்து ஊற்றியது. கைக்குட்டை எடுக்கப் பாக்கெட்டில் கைவிட்டேன். கையில் வந்தது மவுஸ். அடியில் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அதை நான் அணைக்கவில்லை. அந்த ரிசீவரிலிருந்து பிரிக்கவும் இல்லை. கட்டைவிரலால் அதன் பட்டனை அமுக்கினேன். ஆளில்லாத இருக்கைக்கு முன்னால், ஜெசிந்தாவின் திரையில், ஒரு மெனு திறந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன். மூடியது.

மவுஸை மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அங்கேயே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். மெனு மறுபடி திறந்தது.

ஆக நடந்தது இதுதான். பின்னால் அந்த ஹப்புக்குப் பக்கத்தில் இருந்தபோது அதன் ரேடியோ இரைச்சலில் ரிசீவருக்குக் காது கேட்கவில்லை. அதுதான் முதல் நோய். திங்கட்கிழமை நான் அதை முன்பக்கம் மாற்றிய நிமிஷமே அந்த நோய் போய்விட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குணமாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஜெசிந்தாவைப் பிடித்திருந்த நோய் நான். நான் உட்கார்ந்தால் பேன்ட் இறுகும், பாக்கெட்டுக்குள் பட்டன் அமுங்கும், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள். வேலை செய்கிறவர் ஒருவர், தொடையால் கிளிக் செய்கிறவர் இன்னொருவர்.

புகார் டிக்கெட்டை மூடும்போது காரணம் என்ற இடத்தில் நாலைந்து வார்த்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதனம், நெட்வொர்க், மின்சாரம், பயன்படுத்துபவர், மற்றவை. சப்போர்ட் ஆள் என்று ஒன்று அதில் கிடையாது. அப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்குமே தோன்றியதில்லை போலிருக்கிறது. 'மற்றவை' என்று போட்டு மூடினேன். மைக்ரோவேவுக்கு உயிர் கொடுத்துவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து சாம்பார் சாதம் கொண்டுபோய் ஆறவைத்துச் சாப்பிட்டேன். அந்த ஊட்டா தண்ணகாய்த்து ஆசாமிக்கு முன்னால் உட்கார்ந்து. அவருக்குப் புரியவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? கோளாறு இருக்கும் இடத்துக்குப் போனால், அங்கே புதிதாக வந்தது என்னென்ன என்று பாருங்கள். புதிதாக வந்தவற்றில் நாமும் ஒன்று. நோயாளி 'இப்போது வேற மாதிரி' என்று சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வயர் மவுஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு, பழையதை ரிசீவரோடு சேர்த்து உங்கள் மேஜைக்கு எடுத்துப்போய் ஆராயுங்கள், ஆசை தீர ஆராயுங்கள். உங்களுடைய ஆராய்ச்சிக்கு அடுத்தவர் சோறு ஆறக்கூடாது. அந்த மூன்று மணிக்கு என்னைக் காப்பாற்றியது என் அறிவு இல்லை. ஓடுகிறதை ஓட விட்டுவிட்டு ஒருவர் நில் என்றபோது, ஏன் என்று கேட்காமல் நின்றேனே, அது ஒன்றுதான். அதைக்கூட இரண்டாவது தடவைதான் செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஜெசிந்தாவுக்கு வேலை உறுதியானது. மஞ்சுநாத் வந்து சொன்னபோது அவர் முதலில் செய்த காரியம் வீட்டுக்குப் போன் போட்டது. வேனுக்குப் பேசிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குத்தான் நெஞ்சில் முள். வாரக்கடைசி முழுக்க வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து, ஊருக்குப் போய்விட்டு வாருங்களேன் என்று என் மனைவி சொல்லும் அளவுக்குப் போயிருந்தது. நடந்ததைச் சொல்லிவிடுவது என்று அவர் இருக்கைக்குப் போனேன். பாக்கெட் மவுஸின் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஹப், ரிசீவர், பாக்கெட், பேன்ட், தயிர் சாதம், ஒன்று விடாமல் சொன்னேன். தேர்வுக்கு முன்னால் அவர் பட்ட பாட்டில் பாதிக்கும் மேல் என் தொடையால் வந்தது என்பதையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கட்டங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. கோபமா, சிரிப்பை அடக்குகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. சொல்லி முடித்தேன். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்தேன்.

அவர் திரும்பவில்லை.

"உக்காராதீங்கண்ணா."